பழுதுற்ற பெருக்கி: செப்பனிடுவதா, கைவிடுவதா?

பொருளைத் தேடுவது ஒரு திறம். தேடிய பொருளைப் பேணிக் காப்பது அதனினும் பெரிய திறம். திருவனந்தபுரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது புதிதாகச் சொல்ல வேண்டிய செய்தியன்று. சாலைக் கடைத்தெருவில் வாணிகம் செய்வோரும், கரமனையிலும் வலியசாலையிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருவோரும், அரசு அலுவலையும் ஆசிரியப் பணியையும் முன்னிட்டு இந்நகருக்கு வந்து தங்கியோரும், 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்த பின்னரும் இங்கேயே நிலைத்துவிட்டோரும், ஒரு பொருளை வாங்குமுன் பன்முறை எண்ணி, வாங்கிய பின் பல்லாண்டு பேணியே பழகியவர்கள்.

அத்தகைய இல்லங்கள் பலவற்றில் இன்று ஒரு சிறு வழக்கு நடந்து வருகிறது. கூடத்தின் மூலையில், நெற்றாள் மூட்டை போல் கனக்கும் ஓர் இசைப் பெட்டி இருக்கிறது. வளைகுடா நாட்டில் உழைத்த தந்தையார் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் வாங்கிக் கப்பலேற்றி அனுப்பிய ஆம்ப்ளிஃபயர் அது. இருபது முப்பது ஆண்டுகள் குறையின்றிப் பாடிய பெட்டி ஒருநாள் ஊமையாகிவிடுகிறது. "பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியது ஒன்று வாங்குவோம்" என்கிறார் மகன். "இதன் ஒலி எதற்கு வரும்?" என்கிறார் தந்தையார். வீட்டுச் செலவைப் பார்க்கும் அம்மையாரோ, இரண்டுக்கும் ஆகும் தொகை எவ்வளவு என்று வினவுகிறார். மூவர் கூற்றிலும் நியாயம் உண்டு. இவ்வழக்கைத் தீர்க்கும் வழி யாது என்பதை நாம் இங்கே ஒருவாறு ஆராய்வோம்.

இந்நகரும் ஒலியும்

திருவனந்தபுரம் இசைக்குப் பெயர்பெற்ற நகர். சுவாதித் திருநாள் மகாராஜாவின் பெயரால் விளங்கும் இசைக் கல்லூரியும், நவராத்திரி மண்டபக் கச்சேரிகளும் இதற்குச் சான்று. ஒலிக் கருவியின் வரலாற்றிலும் இந்நகருக்கு இடமுண்டு. திருவிதாங்கூர் அரசின் வானொலி நிலையம் 1943ஆம் ஆண்டு மார்ச்சு 12ஆம் நாள் இங்கே தொடங்கப்பெற்றது. 1950ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் அகில இந்திய வானொலியுடன் சேர்ந்தது. பின்னர் 1973இல் கேரள அரசு 'கெல்ட்ரான்' என்னும் மின்னணு நிறுவனத்தை நிறுவி, அதன் தலைமையகத்தை இந்நகரிலேயே அமைத்தது. ஒரு மாநில அரசு மின்னணுத் தொழிலுக்கெனத் தனி நிறுவனம் கண்டது நம் நாட்டில் அதுவே முதன்முறை. அதன் கிளையொன்று கண்ணூர் மாவட்டத்தில் கண்டென்சர்களைச் செய்து வருகிறது. கண்டென்சர் என்னும் அச்சிறு உறுப்பைப் பற்றிக் கீழே நிறையப் பேச வேண்டியிருக்கும்.

எழுபதுகளிலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் பெருந்திரளாக மக்கள் சென்றதனால், சப்பானிலும் ஐரோப்பாவிலும் செய்யப்பெற்ற உயர்தர இசைக் கருவிகள் கேரளத்து இல்லங்களில் மிகுதியாகக் குடியேறின. நம்மவர் இல்லங்களும் இதற்கு விலக்கல்ல. மலையாளமும் ஆங்கிலமும் பள்ளியில் பயிலும் நம் பிள்ளைகளுக்கு, நல்ல தமிழ் உச்சரிப்பு நாள்தோறும் காதில் விழுந்தது இத்தகைய பெட்டிகளின் வாயிலாகவே எனினும் தவறாகாது. பழைய இசைத்தட்டும் ஒலிநாடாவும் இருந்தும் அவற்றைப் பாடச் செய்யும் கருவி இல்லையேல், அவை அலமாரியில் உறங்கும் பொருள்களே ஆகும். ஆதலின் இவ்வழக்கில் பணம் மட்டும் அடங்கியிருக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

பெருக்கி செய்யும் தொழில்

நோயின் மூலத்தை அறிய உடலின் இயல்பை அறிதல் வேண்டும். இசைத்தட்டின் மேல் ஓடும் ஊசி எழுப்பும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டின் ஆயிரத்தில் சில பங்கேயாகும். ஸ்பீக்கர்ப் பெட்டியை அசைத்துக் கூடம் முழுவதும் ஒலிக்கச் செய்ய வேண்டுமாயின் பல வோல்ட் வேண்டும். பல ஆம்பியர் மின்னோட்டமும் வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையே நின்று பணியாற்றுவது பெருக்கி.

அது எவ்வாறு பெருக்குகிறது? கால்வாயின் மதகை எண்ணிப் பாருங்கள். சிறுவன் ஒருவன் மதகுப் பலகையைச் சற்றே உயர்த்தினால் போதும்; வயல் முழுவதற்கும் நீர் பாய்கிறது. நீரின் வலிமை சிறுவனுடையதன்று, ஏரியினுடையது. பெருக்கியில் ஏரியாக நிற்பவை கனத்த டிரான்ஸ்ஃபார்மரும் பெரிய கண்டென்சர்களும். மதகாக நிற்பவை டிரான்சிஸ்டர்கள் அல்லது வால்வுகள். மதகைத் தூக்கும் சிறுவனே இசை. உயர்தரப் பெருக்கி விலை மிகுந்திருப்பதற்கும், தூக்க முடியாமல் கனப்பதற்கும் இந்த 'ஏரி' பெரிதாக இருப்பதே முதற்காரணம்.

1947ஆம் ஆண்டு இத்துறைக்கு ஒரு திருப்புமுனை. நம் நாடு விடுதலை பெற்ற அவ்வாண்டிலேயே டி. டி. என். வில்லியம்சன் என்னும் பொறியாளர், இங்கிலாந்தின் 'ஒயர்லெஸ் வேர்ல்டு' இதழில், ஒலித் திரிபு மிகக் குறைந்த வால்வுப் பெருக்கியின் வரைபடத்தை வெளியிட்டார். உலகெங்கும் ஆர்வலர்கள் அதைப் பார்த்துத் தம் கையாலேயே பெருக்கி செய்தனர். அவ்வாண்டு டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. இன்று பழுதுபார்க்க வரும் உயர்தரப் பெருக்கிகள் ஒன்று வில்லியம்சன் வழியில் வந்த வால்வுப் பெட்டியாக இருக்கும். அல்லது டிரான்சிஸ்டர் வழியில் வந்ததாக இருக்கும். இரண்டும் பழுதுறும் விதம் வேறு. பழுது நீக்கும் வழியும் வேறு.

நோய் வரும் வாயில்கள்

முதல் வாயில் வெப்பம். கண்டென்சர்களுள் 'எலெக்ட்ரோலிட்டிக்' என்னும் வகையினுள்ளே ஈரமான ஒரு வேதிப்பொருள் உண்டு. அது காலப்போக்கில் உலர்கிறது. 85 பாகை வெப்பத்தில் 2,000 மணி நேரம் உழைக்கும் என்று முத்திரையிடப்பெற்ற கண்டென்சர், ஒவ்வொரு 10 பாகை குறையும்போதும் ஏறத்தாழ இரு மடங்கு நாள் உழைக்கும் என்பது பொறியாளர் கணக்கு. 55 பாகையில் அது 16,000 மணி நேரமாகிறது. நாள்தோறும் மூன்று மணி நேரம் பாடும் பெட்டிக்கு இது பதினான்கு ஆண்டுகளுக்குச் சற்று மேல். காற்றோட்டமில்லாத அலமாரியில் பெட்டியை அடைத்து, அதன் தலைமேல் துணி விரித்துப் பொம்மை வைத்து அழகு பார்ப்போர், அந்த ஆண்டுகளைத் தாமே பாதியாக்கிக் கொள்கின்றனர்.

இரண்டாம் வாயில் கடற்காற்று. சங்குமுகத்துக்கும் வலியதுறைக்கும் அண்மையில் வாழ்வோர் சன்னற் கம்பிகள் துருப்பிடிப்பதைக் கண்டிருப்பர். அதே உப்பும் ஈரமும் பெட்டியினுள் புகுந்து, சுவிட்சுகளிலும் ரிலேயின் தொடுமுனைகளிலும் களிம்பை ஏற்றுகின்றன. ஒலி விட்டுவிட்டு வருதல், குமிழைத் திருகும்போது கரகரத்தல், ஒருபக்கம் மட்டும் ஊமையாதல் ஆகியவை பெரும்பாலும் இக்களிம்பின் விளைவுகள். அச்சம் தரும் நோய் போல் தோன்றினும், தூய்மை செய்தாலே தீரும் எளிய நோய் இது.

மூன்றாம் வாயில் இடி. இடவப்பாதி மழைக்கு முன் வரும் சித்திரை, வைகாசி மாதங்களின் பிற்பகல்களிலும், துலாமழை பெய்யும் ஐப்பசி மாலைகளிலும் இந்நாட்டில் இடி முழங்குவதை நாம் அறிவோம். வீட்டினுள் மின்கம்பி வழியாக மட்டுமன்றி, தொலைக்காட்சிக் கேபிள் வழியாகவும் மின்னலின் தாக்கு நுழையும். சுவிட்சை அணைத்தால் போதாது; செருகியையே சுவரிலிருந்து பிடுங்கிவிடுதல் வேண்டும்.

நான்காம் வாயில் மின்னழுத்த வேற்றுமை. நம் நாட்டில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். சப்பானில் 100 வோல்ட். அமெரிக்காவில் 120 வோல்ட். சவூதி அரேபியாவின் வீடுகளில் நெடுநாள் 127 வோல்ட் வழங்கியது. வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டியின் பின்புறத்தில் உள்ள தேர்வுக் குமிழ் எந்த எண்ணில் நிற்கிறது என்று பாராமல் செருகியதால் எரிந்த பெட்டிகள் பல.

ஐந்தாம் வாயிலைக் கேட்டுச் சிரிக்க வேண்டா. இளஞ்சூட்டை நாடிப் பெட்டியின் துளைவழியே புகும் பல்லியும் எறும்பும், இரு முனைகளை ஒருங்கே தொட்டுத் தாமும் மாண்டு பெட்டியையும் மாய்ப்பதுண்டு.

திறக்குமுன் அறியத்தக்கவை

பெட்டி ஊமையானவுடன் மூடியைக் கழற்றத் துணிவோர்க்கு ஓர் எச்சரிக்கை. மின்செருகியைப் பிடுங்கிய பின்னரும் பெரிய கண்டென்சர்கள் மின்னேற்றத்தைத் தாங்கி நிற்கும். வால்வுப் பெருக்கியில் 400 வோல்ட்டுக்கு மேலும் நிற்கலாம். அது உயிரைக் குடிக்கவும் வல்லது. ஆதலின் பயிற்சியில்லாதார் மூடியைத் திறத்தல் ஆகாது. ஆயினும் திறவாமலே அறியக்கூடியவை சில உண்டு.

ஒருபக்க ஸ்பீக்கர் மட்டும் ஒலிக்கவில்லையாயின், முதலில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பாட்டு வரும் கருவியிலிருந்து பெருக்கிக்குள் செல்லும் இடவலக் கம்பிகளை மாற்றிச் செருகிப் பார்க்க வேண்டும். ஊமை பக்கம் மாறினால் குற்றம் பெருக்கியினுடையதன்று. பாட்டுக் கருவியிலோ கம்பியிலோ உள்ளது. மாறாவிடில் பெருக்கியிலோ ஸ்பீக்கரிலோ உள்ளது. பல வீடுகளில், பழுதாகாத பெருக்கி பழுதுபார்க்கும் கடைக்குச் சுமந்து செல்லப்படுவது இச்சிறு சோதனை நடவாமையால்தான்.

பெட்டியை முடுக்கியதும் சில நொடிகளில் உள்ளே 'டக்' என்று ஓர் ஓசை கேட்பது வழக்கம். அது காவல் ரிலே ஸ்பீக்கரை இணைக்கும் ஓசை. அவ்வோசை எழவில்லையாயின், உள்ளே ஏதோ கேடு உண்டென்று காவலன் கதவைச் சாத்தி வைத்திருக்கிறான் என்று பொருள். அந்நிலையில் மீண்டும் மீண்டும் முடுக்கிப் பார்த்தல் தவறு. ஏன் எனில், டிரான்சிஸ்டர் ஒன்று எரிந்து மதகு திறந்தபடியே சிக்கிக்கொண்டால், ஏரி முழுவதும் ஸ்பீக்கருக்குள் பாயும். உள்ளழுத்தம் 50 வோல்ட்டும், ஸ்பீக்கர்ச் சுருளின் தடை 6 ஓமும் ஆனால், 400 வாட்டுக்கு மேற்பட்ட நேர்மின் ஆற்றல் அச்சுருளில் வெப்பமாக இறங்கும். சில நொடிகளில் சுருள் கருகிவிடும். பெருக்கியின் பழுதோடு ஸ்பீக்கரின் பழுதும் சேர்ந்துகொள்ளும்.

ஃபியூஸ் எரிந்திருந்தால், அதே அளவுள்ள ஃபியூஸை ஒருமுறை மட்டும் மாற்றலாம். அதுவும் எரிந்தால் நிறுத்திவிட வேண்டும். பெரிய ஃபியூஸ் இடுவதும், வெள்ளித்தாள் சுற்றுவதும், காவற்காரனைக் கட்டிப் போட்டுவிட்டுக் கள்வனைக் கூப்பிடுவதற்கு ஒப்பாகும். கருகிய நாற்றம் வீசினாலும், 'ஹம்' என்ற இரைச்சல் இடைவிடாது எழுந்தாலும், இவற்றைக் குறித்து வைத்துப் பழுது பார்ப்பவரிடம் சொல்ல வேண்டும். மருத்துவரிடம் நோயின் குறிகளைச் சொல்வது போன்றதே இதுவும்.

மூன்று வழிகள்

இனி முடிவுக்கு வருவோம். நம் முன் மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, செய்த நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற பணிமனை. உத்தரவாதக் காலத்துக்குள் இருப்பின் இதுவே வழி; வேறெங்கும் திறக்கவே கூடாது. உத்தரவாதம் முடிந்த பழைய பெட்டிக்கோ, உறுப்புகள் இல்லை என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். மேலும் பணிமனைகள் பழுதான ஒரே உறுப்பைத் தேடுவதைவிட முழுப் பலகையையும் மாற்றுவதையே விரும்பும். விலை ஏறுவதன் காரணம் இது.

இரண்டாவது, தனியே தொழில் நடத்தும் பழுது பார்ப்பவர். இவருள்ளும் இரு வகையுண்டு. கலியாணப் பந்தலுக்கு மைக் செட் கட்டுவோரின் கருவிகளைச் சரிபார்ப்பவர் ஒரு வகை. அவர் கை விரைவானது. மறுநாள் திருவிழாவுக்குள் எப்படியாவது பாட வைத்துவிடுவார். அது அவர் தொழிலுக்கு வேண்டிய திறமே. உயர்தரப் பெருக்கிக்கு வேண்டியதோ அளந்து பார்க்கும் பொறுமை. வரைபடத்தை முன்வைத்து, ஒவ்வொரு முனையின் மின்னழுத்தத்தையும் ஒப்பிட்டு, செப்பனிட்ட பின் ஓய்வு மின்னோட்டத்தை உரிய அளவில் நிறுத்துபவரே அதற்கு ஏற்றவர். இத்தகையோர் இந்நகரிலும் உள்ளனர். பெயர்ப்பலகையால் அறியப்படாமல், வாடிக்கையாளர் வாய்மொழியாலேயே அறியப்படுவர். உள்ளூரில் கிட்டாதபோது சென்னை ரிச்சி தெருப் பக்கம் அனுப்ப எண்ணுவோர், இருபது முப்பது கிலோ எடையுள்ள பெட்டி வழியில் படும் பாட்டையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பெட்டியை அனுப்புவதைவிட, உறுப்பை அங்கிருந்து வரவழைப்பது எளிது.

மூன்றாவது, புதியது வாங்குதல். இன்று வரும் பெருக்கிகளுள் பல 'டி' வகுப்பைச் சேர்ந்தவை. எடை குறைவு, வெப்பமும் குறைவு, மின்சாரச் செலவும் குறைவு. அவற்றைத் தாழ்வாக எண்ணுவதற்கில்லை. ஆனால் அவற்றுள் பழுது வந்தால் நுண்ணிய உறுப்புகள் நெருங்கிய பலகையையே மாற்ற நேரும். பழைய பெட்டியோ, ஒவ்வோர் உறுப்பையும் கண்ணால் கண்டு கையால் எடுத்து மாற்றும்படி அமைந்தது.

கணக்கு என்ன சொல்கிறது?

எடுத்துக்காட்டுக்காக ஒரு கணக்குப் போடுவோம். பழைய பெட்டிக்கு ஒத்த தரமுள்ள புதியது ரூ. 1,00,000 என்றும், அது பதினைந்து ஆண்டு உழைக்கும் என்றும் கொள்க. ஆண்டுக்கு ஏறத்தாழ ரூ. 6,700 ஆகிறது. பழையதைச் செப்பனிட ரூ. 12,000 ஆகிறது எனக் கொள்க. அது மேலும் பத்தாண்டு உழைத்தால் ஆண்டுக்கு ரூ. 1,200தான். ஆனால் இரண்டே ஆண்டில் மீண்டும் படுத்துவிட்டால் ஆண்டுக்கு ரூ. 6,000, புதியதற்கு ஏறத்தாழ ஈடு. ஆகவே, செப்பனிடும் கூலி எவ்வளவு என்பதைக் காட்டிலும், செப்பனிட்ட பின் எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதே வழக்கைத் தீர்க்கும் வினா.

அவ்வினாவுக்கு விடை பழுதின் காரணத்தில் இருக்கிறது. எரிந்த டிரான்சிஸ்டரை மட்டும் மாற்றி, அது எரிந்ததன் காரணத்தைத் தேடாமல் விட்டால், புதிய டிரான்சிஸ்டரும் விரைவில் அதே வழியே போகும். காரணம் உலர்ந்த கண்டென்சராக இருக்கலாம். விட்டுப்போன பற்றாசாக இருக்கலாம். வெப்பம் கடத்தும் பசை காய்ந்துபோனதாகவும் இருக்கலாம். காரணம் நீங்கினால் பத்தாண்டு. நீங்காவிடில் பத்து வாரம்.

ஆதலின் நாம் பரிந்துரைக்கும் முறை இரண்டு படிகளாலானது. முதற்படியில், பழுதைக் கண்டறிவதற்கு மட்டும் தனிக் கூலி கொடுத்து, காரணத்தையும் உறுப்புகளின் பட்டியலையும் மதிப்பீட்டையும் எழுத்தில் பெறுதல். அதன் பின்னரே இரண்டாம் படியாகச் செப்பனிடுவதா விடுவதா என்று முடிவு செய்தல். நோயை அறியுமுன்னரே மருந்துக்கு விலை பேசுவது எவ்வகையிலும் அறிவுடைமை ஆகாது.

இன்னுமொன்று. அன்று கொடுத்த விலை இன்றைய கணக்கில் சேராது. "எவ்வளவு பணம் கொடுத்து வாங்கினோம்" என்பது உண்மையே. ஆனால் அப்பணம் திரும்பி வரப்போவதில்லை. தந்தையாரின் உழைப்பின் நினைவாக அதைக் காக்க விரும்பினால், அது போற்றத்தக்க விருப்பம்; நினைவின் பெயரால் கொடுக்கும் தொகை என்று வெளிப்படையாகச் சொல்லிக் கொடுப்போம். நினைவையும் கணக்கையும் ஒன்றோடொன்று குழப்பினால்தான் வீட்டில் சச்சரவு மூள்கிறது.

கேட்டு அறிய வேண்டியவை

பழுது பார்ப்பவரிடம் சில வினாக்களைத் தயங்காமல் கேட்கலாம். இம்மாதிரியின் வரைபடம் அவரிடம் உண்டா? முதன்முறை மின்சாரம் கொடுக்கும்போது தொடர்விளக்கு வைத்துச் சோதிப்பாரா? பழைய இழை பல்பு ஒன்றைத் தொடராக இணைத்து முடுக்கினால், உள்ளே குறுக்குச்சுற்று இருப்பின் பல்பு பேரொளியுடன் எரிந்துகொண்டே நிற்கும்; பெட்டி நலமாயின் ஒளிர்ந்து உடனே மங்கும். இம்மலிவான காவல் விலை மிகுந்த உறுப்புகளைக் காக்கும். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. எரிந்த பழைய உறுப்புகளைத் திருப்பித் தருவாரா? செய்த வேலைக்கு எத்தனை மாதம் பொறுப்பேற்பார்?

உறுப்புகள் எங்கிருந்து வருகின்றன என்பது யாவற்றினும் தலையாய வினா. தோஷிபாவின் 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 என்னும் இணை டிரான்சிஸ்டர்களுக்கு உலகச் சந்தையில் போலிகள் மலிந்துள்ளன. மேலே அச்சிட்ட எண் ஒன்றே. உள்ளே இருக்கும் சில்லு சிறியது. சுமை ஏறியதும் வெடித்துவிடும். எண்பதுகளின் சப்பானியப் பெட்டிகள் பலவற்றில் சான்யோவின் எஸ்.டி.கே. வரிசைத் தொகுப்பு உறுப்பு இருக்கும். சான்யோவின் குறைகடத்திப் பிரிவு 2011இல் வேறு நிறுவனத்தின் கைக்கு மாறிவிட்டது. இன்று மலிவாகக் கிடைக்கும் எஸ்.டி.கே.க்களில் போலிகள் மிகுதி. உண்மையான உறுப்பு கிடையாதெனின், பெட்டியைக் கைவிடுவதற்கு அது நேர்மையான காரணமாகும்.

வால்வுப் பெட்டி வைத்திருப்போர்க்கு வேறொரு செய்தி. பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961இல் வானொலி வால்வுகளைச் செய்யத் தொடங்கியது. அப்பணி நின்று நெடுநாளாகியும் அதன் வால்வுகளை ஆர்வலர்கள் இன்றும் தேடித் திரிகின்றனர். புதிய வால்வுகள் இன்று பெரும்பாலும் உருசியா, சுலோவாக்கியா, சீனம் ஆகிய நாடுகளிலிருந்து வருகின்றன. 2022இல் உக்ரைன் போர் மூண்டபோது உருசிய வால்வுகளின் வரவு தடைப்பட்டு விலை ஏறியது. ஆதலின் வால்வுப் பெட்டியை வைத்துக்கொள்ள முடிவு செய்வோர், ஒரு மாற்றுத் தொகுதியையும் வாங்கி வைத்தல் நன்று.

சட்டமும் கடமையும்

பழுது நீக்கிக்கொள்ளும் உரிமை பற்றி நம் நாட்டிலும் இப்போது பேச்சு எழுந்துள்ளது. இந்திய அரசின் நுகர்வோர் நலத்துறை 2022 டிசம்பர் 24ஆம் நாள், தேசிய நுகர்வோர் தினத்தன்று, இதற்கென இணைய வாயில் ஒன்றைத் திறந்தது. வேளாண் கருவி, கைப்பேசி, வீட்டுப் பயன்பொருள், ஊர்தி ஆகிய நான்கு துறைகளில் உறுப்புகள், பணிமனைகள் பற்றிய செய்திகளை நிறுவனங்கள் அதில் தர வேண்டுமென்பது நோக்கம். கூலி பெற்றுக்கொண்டு பணியைக் குறைவாகச் செய்தால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தை அணுகலாம். 1915 என்னும் தொலைபேசி எண்ணில் முறையிடலாம். எழுத்தில் பெற்ற மதிப்பீடும் பற்றுச்சீட்டும் இருந்தால்தான் இவை பயன் தரும் என்பதை மறத்தலாகாது.

கைவிடுவதென்றே முடிவானால், பெட்டியைத் தெருவோரத்தில் போடுதல் ஆகாது. பழைய பற்றாசில் ஈயம் உண்டு. மழைநீரோடு அது மண்ணிலும் கிணற்றிலும் கலக்கும். 2022ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன. பதிவு பெற்ற சேகரிப்போரிடம் ஒப்படைப்பதே முறை. அதற்கு முன்னர், பழுது பார்ப்பவருக்கு அப்பெட்டி வேண்டுமா என்று கேட்டல் நன்று. ஒரு பெட்டியின் டிரான்ஸ்ஃபார்மரும் குமிழ்களும் மற்றொரு பெட்டிக்கு உயிர் கொடுக்கும்.

தொகுத்துக் கூறின்: களிம்பு, ரிலே, கண்டென்சர், பற்றாசு ஆகியவற்றால் நேர்ந்த பழுதாயின் தயங்காமல் செப்பனிடுக. வெளியீட்டு டிரான்சிஸ்டர் எரிந்திருந்தால், உண்மையான உறுப்பும் பொறுமையுள்ள கையும் கிடைக்குமாயின் செப்பனிடுக. டிரான்ஸ்ஃபார்மரே எரிந்திருந்தாலும், மின்னல் பலகையெங்கும் பாய்ந்திருந்தாலும், மாற்றுறுப்பே கிடையாத தொகுப்புச் சில்லு பழுதாகியிருந்தாலும், நன்றியோடு விடை கொடுத்துவிடுக.

அளந்து பார்த்துப் பழுது நீக்கும் கைகள் ஆண்டுதோறும் அருகி வருகின்றன. அவர்களுக்கு உரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுப்பதும், நம் இளைஞருள் ஆர்வமுடையோரை அவர்பால் அனுப்பிப் பயிலச் செய்வதும் நம் கடமை. இந்நகரில் இத்தொழிலை நன்கு செய்பவரை அறிந்த அன்பர்கள் சங்கத்துக்குத் தெரிவித்தால், பிற குடும்பங்களும் பயன் பெறும். துலாமழை தொடங்குமுன் ஒவ்வொரு வீட்டிலும் பெட்டியின் தலைமேல் கிடக்கும் துணியை அகற்றி, பின்புறத்து வோல்ட் குமிழையும் ஒருமுறை பார்த்துவிடுவது நலம்.